ஊருக்கு ஒரு போறணை

இலங்கைத் தமிழர்கள் கிட்ட ஒரு அருமையான வார்த்தை இருக்கு: போறணை. பேக்கரிக்காரர் பாண் சுடுற பெரிய செங்கல் அடுப்புக்கு அதுதான் பேர். போர்த்துகீசியர் விட்டுட்டுப் போன சொல் இது. அவங்க மொழியில ஃபோர்னோ. பாண்-ங்கிற சொல்லும் அவங்க கொடுத்ததுதான். மும்பை, கோவா பக்கம் அதே சொல் 'பாவ்' ஆயிடுச்சு.

ஃபோர்னோவோட தாய் லத்தீன் மொழியின் ஃபுர்னுஸ். இத்தாலியருக்கும் அது ஃபோர்னோ, ஸ்பானியருக்கு ஓர்னோ, பிரெஞ்சுக்காரருக்கு ஃபூர். இங்கிலீஷ்ல ஃபர்னஸ்னு சொல்றோமே, அதுவும் பங்காளிதான். ஆக நேப்பிள்ஸ்ல பீட்சா வேகுறதும் யாழ்ப்பாணத்துல பாண் வேகுறதும் ஒரே வார்த்தைக்குள்ள. அதனால இங்க நானும் போறணைன்னே எழுதுறேன். 'அவன்'னு எழுதினா எவன்னு கேப்பீங்க :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். வீட்டுத் தோட்டத்துல, மொட்டை மாடியில விறகு பீட்சா போறணை வைக்கிறது கொஞ்ச வருஷமா உலகம் பூரா ஒரு மோகமா இருக்கு. அதை விக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஒரே வசனம், "பாரம்பரியம்". அடுப்பு பாரம்பரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அது ஒரு தனி வீட்டோட அடுப்பா இருக்கிறது பாரம்பரியமா? அங்கதான் கதை வேற மாதிரி போகுது. முதல்முறையா போறணையில தீ மூட்டப் போறவங்களுக்கு இந்தக் கதை உபயோகப்படும்னு நினைக்கிறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

பொம்பேயில் வெந்த ரொட்டி

கி.பி. 79-ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சு பொம்பேய் நகரம் சாம்பலுக்கு அடியில போச்சு. தோண்டி எடுத்தப்போ முப்பதுக்கும் மேற்பட்ட பேக்கரிகள் அகப்பட்டன. செங்கல் அடுக்கி, குடம் கவுத்த மாதிரி கூரை, முன்னால வாய். இன்னிக்கு நேப்பிள்ஸ்ல இருக்கிற பீட்சா போறணைக்குப் பக்கத்துல கொண்டு போய் வெச்சா அண்ணன் தம்பின்னு சொல்லிடலாம். மொடெஸ்டுஸ் பேக்கரின்னு பேர் வெச்சிருக்கிற கடையோட போறணையை 1862-ல திறந்தப்போ, உள்ளே 81 ரொட்டிகள் கரிக்கட்டையா அப்படியே அடுக்கி இருந்துச்சு. அன்னிக்கு வெச்சவர் எடுக்க வரவே இல்லை.

இதுல ஒரு கணக்கு கவனிங்க. ஒரு ஊர், முப்பது சொச்சம் பேக்கரி. அப்படின்னா பெரும்பாலான வீடுகள்ல போறணை கிடையாது. பெரிய பணக்காரர் வீடுகள் சிலதுல இருந்துச்சு, அவ்வளவுதான். சாதாரண வீட்டுல ரொட்டி சுடணும்னா 'டெஸ்டும்'னு ஒரு மண்மூடி. அடுப்புத் தரையில மாவை வெச்சு, மேல இந்த மூடியைக் கவுத்து, அதைச் சுத்தியும் மேலயும் தணல் போடறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுல கேட்டோ எழுதின விவசாய நூல்லயே இந்த முறை வருது.

பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்துல கிடைச்ச ஒரு ரொட்டி இன்னும் சுவாரசியம். அதன் மேல முத்திரை குத்தியிருக்கு: இது குவிண்டுஸ் கிரானியுஸ் வெருஸ் என்பவரோட அடிமை கெலெர் உடையது, அப்படின்னு. ரொட்டிக்கு ஏன் பேர்? பொதுப் போறணையில பல வீட்டு ரொட்டி ஒண்ணா வேகும்போது எது யாருதுன்னு தெரியணுமே, அதுக்காக இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இந்தக் கதையில ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 2023 டிசம்பர்ல பொம்பேயில ஒரு பேக்கரியைத் தோண்டி வெளிக்கொண்டு வந்தாங்க. சின்ன ஜன்னல், அதுக்கும் இரும்புக் கம்பி. தெருவுக்குப் போற வாசலே இல்லை, முதலாளி வீட்டு முற்றம் வழியாத்தான் வெளியே வரணும். அடிமைகளையும் கழுதைகளையும் ஒண்ணா உள்ள பூட்டி வெச்சு மாவு அரைக்க விட்ட இடம். கழுதை தடம் மாறாம சுத்தி வர தரைக்கல்லுல பள்ளம் வெட்டியிருக்கு. பொம்பேய் ரொட்டி எவ்வளவு அழகா எட்டுத் துண்டா கீறி இருக்குன்னு படம் பார்க்கிறப்போ இந்த ஜன்னல் கம்பியையும் சேர்த்து நினைச்சுக்கணும்.

ரோம் நகரத்துல அரசாங்கமே இதுக்குள்ள வந்துச்சு. ஏழைக் குடிமக்களுக்கு முதல்ல தானியம் கொடுத்துட்டு இருந்தாங்க. 270-கள்ல ஆரேலியன் பேரரசர் அதை மாத்தி, சுட்ட ரொட்டியாவே கொடுக்க வெச்சார். தானியம் வாங்கினவன் எங்க வேணா போய் சமைச்சுக்குவான். ரொட்டி வாங்கறவன் போறணைக்காரனைத்தான் நம்பி இருக்கணும்.

ஏன் வீட்டுக்கு வீடு இல்லை?

காரணம் விறகு. சின்னதா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எல்லாம் தோராயம்தான், பிசிக்ஸ் வாத்தியார்கள் மன்னிக்க.

தீயால சூடேறுற செங்கல் பாகம் மட்டும் 500 கிலோன்னு வெச்சுக்குங்க. ஒரு கிலோ செங்கல்லை ஒரு டிகிரி ஏத்த சுமார் 0.84 கிலோஜூல் வேணும். உள்பக்கம் 450 டிகிரி, வெளிப்பக்கம் அதைவிடக் குறைவு, சராசரியா 300 டிகிரி ஏறுதுன்னு வெச்சா மொத்தம் 126 மெகாஜூல். நல்லா காஞ்ச விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 16 மெகாஜூல் தரும். ஒரு துளி சூடு வீணாகலைன்னாலே 8 கிலோ விறகு. நிஜத்துல பெரும்பங்கு சூடு புகையோட வெளியே போயிடும், அதனால இதைப் போல ரெண்டு மூணு மடங்கு.

இப்போ ஒரு பீட்சா எவ்வளவு சூட்டை உள்ள வாங்கிக்கும்? மாவும் மேல போட்டதும் 450 கிராம்னு வெச்சுக்குவோம். அது 100 டிகிரி வரை ஏறி, கொஞ்சம் தண்ணி ஆவியாகணும். மொத்தம் 0.2 மெகாஜூல் கிட்டக்க. அவ்வளவுதான்! பத்து பீட்சா சுட்டாலும் 2 மெகாஜூல். கல்லுக்குள்ள ஏத்தி வெச்ச சூட்டுல நூத்துக்கு ரெண்டு பங்கு கூட இல்லை.

யோசிச்சுப் பாருங்க, நம்ம தோசைக்கல்லு அஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும். சோத்துக்கு ஒரு பானை, மூணு கல்லு போதும். ரெண்டுமே ஒரு வீட்டு விறகுக்கு அடங்கின சமையல். போறணை அப்படி இல்லை. ஒரு வீட்டுக்காக அதைச் சூடேத்துறது, ஒரு ஆளு ஏறிப்போக ரயிலைக் கிளப்புற மாதிரி. பஞ்சாப் கிராமத்துல தந்தூரைக் கூட 'சாஞ்சா சூல்ஹா'ன்னு பொதுவுல வெச்சிருந்தாங்க. அர்த்தமே 'பங்கு அடுப்பு'தான்.

சீமானின் அடுப்பு, ஊராரின் அடுப்பு

சேர்ந்து சூடேத்தணும்னு ஒரு நிர்ப்பந்தம் வந்துட்டா, அடுத்த கேள்வி உடனே வரும்: அடுப்பு யார் கையில?

இடைக்கால பிரான்ஸ்ல அந்தந்தப் பகுதியின் பிரபு கையில. 'ஃபூர் பனால்'னு பேர். பிரபு கட்டின போறணையிலதான் குடியானவங்க ரொட்டி சுடணும், கூலியும் கட்டணும், வீட்டுல தனியா போறணை கட்டினா குத்தம். மாவு அரைக்கிற ஆலையும் திராட்சை பிழியற செக்கும் இதே சட்டத்துல வரும். சாப்பாட்டு மேலயே போட்ட வரின்னு வெச்சுக்குங்க. 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி பிரெஞ்சு தேசிய சபை நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்க முடிவெடுத்துச்சே, அந்த மூட்டையில இதுவும் ஒண்ணு. அப்பவும் சில உரிமைகளுக்கு நஷ்டஈடு கேட்டாங்க. 1793 ஜூலையிலதான் நஷ்டஈடு இல்லாம மொத்தமா போச்சு.

இதே சட்டத்தை கனடாவுல கியூபெக் பக்கம் கொண்டு போனப்போ வேடிக்கை ஆயிடுச்சு. அங்க வீட்டுக்கு வீடு தூரம், குளிர்காலத்துல எல்லாம் உறையும். பிசைஞ்ச மாவை மைல் கணக்கா தூக்கிட்டு பிரபுவோட போறணைக்குப் போனா, போய்ச் சேர்றதுக்குள்ள கல்லாயிடும். 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அங்க அதிகாரியா இருந்த ரோடோ, இது நடக்கிற காரியம் இல்லைன்னு பிரான்ஸுக்கே எழுதிட்டார். அதனால கியூபெக்ல வீட்டுக்கு வெளிய அவங்கவங்க களிமண் போறணை கட்டிக்கிட்டாங்க. காட்டுக்குப் பக்கத்துல வாழ்ந்தவங்களுக்கு விறகுக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்கொரு போறணைங்கிறது வரலாற்றுல நல்லா வேரூன்றின அபூர்வமான இடங்கள்ல அது ஒண்ணு.

பிரபு போன பிறகு பிரெஞ்சுக் கிராமங்கள்ல போறணை ஊர்ப்பொதுவாச்சு. அங்க ஒரு வழக்கம் இருந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. யார் முதல்ல சுடறதுன்னு சீட்டு போட்டு எடுப்பாங்க. முதல்ல சுட யாருக்கும் ஆசை இல்லை! ஏன்னா ஆறிக் கிடக்கிற கல்லைச் சூடேத்த அவர் விறகு அதிகமா போகும். ரெண்டாவது, மூணாவது ஆளுக்குக் கொஞ்சம் விறகே போதும். நாம மேல போட்ட கணக்கை அந்த ஊர்ப் பாட்டிகள் பிசிக்ஸ் படிக்காமலே போட்டிருக்காங்க. ஆல்ப்ஸ் மலையில வில்லார் தாரென்னு ஒரு கிராமம். விறகு அவ்வளவு அரிதுங்கிறதால வருஷத்துக்கு ஒரே தடவை, நவம்பர் வாக்குல, ஊரே சேர்ந்து பொதுப் போறணையில ரொட்டி சுட்டு மாசக்கணக்கா வெச்சு சாப்பிட்டாங்க. கல்லு மாதிரி காஞ்சு போகிற கம்பு ரொட்டி, ஆனா நம்ம ஊர்க் கம்பு இல்லை, ரை தானியம்.

இத்தாலியில மத்தேரான்னு ஒரு ஊர். பாறையைக் குடைஞ்ச குகை வீடுகள்ல ஏழைகள் வாழ்ந்த இடம். அங்கயும் பொதுப் போறணைதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரத்துல செதுக்கின ஒரு முத்திரை உண்டு, அதுல குடும்பத் தலைவர் பேரோட முதலெழுத்து. மாவு மேல குத்தி அனுப்பிடுவாங்க. 20ஆம் நூற்றாண்டு நடுவுல கூட இது இருந்துச்சு. 1952-ல சட்டம் போட்டு அந்தக் குகை வீடுகளைக் காலி பண்ண ஆரம்பிச்ச பிறகுதான் அந்த வாழ்க்கை முறை கலைஞ்சுது. கெலெரோட முத்திரைக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 1,900 வருஷம். அடுப்பு பொது, ரொட்டி தனி. ரெண்டையும் சேர்த்து வெச்சது ஒரு சின்ன மரத்துண்டு.

போறணை இல்லாதவன் பண்டம்

இப்போ பீட்சாவுக்கு வருவோம். நேப்பிள்ஸ் 18, 19ஆம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பாவிலேயே நெரிசலான நகரங்கள்ல ஒண்ணு. ஏழைகள் ஒரே அறையில குடும்பமா இருந்தாங்க. சமைக்க இடமில்லை, விறகுக்குக் காசில்லை, போறணை பத்திப் பேச்சே இல்லை. அவங்களுக்காக வந்த தெருப்பண்டம்தான் பீட்சா. தகரப் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு கூவி விப்பாங்க. காசு எவ்வளவோ அவ்வளவுக்கு வெட்டிக் கொடுப்பாங்க. இன்னிக்குச் சாப்பிட்டு எட்டு நாள் கழிச்சு காசு கொடுக்கிற 'எட்டு நாள் பீட்சா' கூட இருந்துச்சு. 1840-கள்ல பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாந்தர் துமா நேப்பிள்ஸ் பீட்சாவைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். 1831-ல அங்க போன தந்தி புகழ் மோர்ஸுக்கு பீட்சாவைக் கண்டாலே குமட்டிடுச்சு, சாக்கடையோட ஒப்பிட்டுட்டார். அவர் வீட்டுல அடுப்பு இருந்திருக்கும், அவருக்கென்ன!

பீட்சா ஏன் ஒரு நிமிஷத்துல வேகுது? கடைக்காரன் காலையில ஏத்தின சூட்டை நாள் பூரா நூத்துக்கணக்கான பேருக்குப் பங்கு போடுறான். சுடச்சுட வேகமா தள்ளினாத்தான் அவனுக்குக் கட்டும். 2010-ல ஐரோப்பிய ஒன்றியம் நாப்போலி பீட்சாவுக்குப் பாரம்பரியப் பண்டம்னு பாதுகாப்பு கொடுத்தப்போ விதியிலேயே எழுதிட்டாங்க: விறகு அடுப்பு, தரை சுமார் 485 டிகிரி, கூரை சுமார் 430 டிகிரி, 60 முதல் 90 விநாடி. இன்னிக்கு வீட்டுல அதே அடுப்பை வெச்சுக்க ஆசைப்படுறோம். போறணை இல்லாதவங்களுக்காகப் பிறந்த பண்டத்துக்காக ஆளுக்கொரு போறணை. வரலாறு நல்லா தமாஷ் பண்ணும்.

போனதும் திரும்பி வந்ததும்

பீட்சா அமெரிக்கா போனப்போ நியூயார்க்ல நிலக்கரிப் போறணையில வெந்துச்சு. 1945-ல ஐரா நெவின் பீட்சாவுக்குன்னு கேஸ் போறணை கொண்டு வந்தார். அதுக்கப்புறம் விறகைத் தேடுறவங்க குறைஞ்சாங்க. 1980-ல கலிஃபோர்னியாவின் பெர்க்லியில ஆலிஸ் வாட்டர்ஸ் தன்னோட ஷே பனீஸ் உணவகத்துக்கு மேல ஒரு கஃபே திறந்து விறகுப் போறணை வெச்சார். 1982-ல வோல்ஃப்கேங் பக் ஸ்பாகோவுல வெச்சார். ஏழையின் அடுப்பு பணக்காரர் பார்த்து ரசிக்கிற பொருளாச்சு.

அதை வீட்டுக்குக் கொண்டு வந்ததுல முக்கியமானவர் ஆலன் ஸ்காட். ஆஸ்திரேலியாவுல பிறந்து கலிஃபோர்னியாவுல வாழ்ந்த கொல்லர். தோட்டத்துல யார் வேணா கட்டிக்கிற மாதிரி செங்கல் போறணைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். டேனியல் விங் கூட சேர்ந்து 1999-ல அவர் வெளியிட்ட தி பிரெட் பில்டர்ஸ் புத்தகம் இந்தப் பைத்தியங்களுக்கு வேதம் மாதிரி. 2009-ல காலமானார். அவர் கட்டின போறணைகள் பலதைச் சுத்தி அக்கம்பக்கத்து ஜனங்க கூடினாங்க. அவர் ஆசையும் அதுதான்.

முதல் தீ

இப்போ உங்க வீட்டுல செங்கல் போறணை புதுசா கட்டி முடிச்சாச்சுன்னு வெச்சுக்குவோம். முதல் நாளே பீட்சா சுடலாமா? கூடாது. சாந்துக்குள்ளயும் கல்லுக்குள்ளயும் தண்ணி நிறைய இருக்கும். தண்ணி ஆவியானா கன அளவு 1,600 மடங்குக்கு மேல விரியும். சட்டுனு பெரிய தீ வெச்சா அந்த ஆவிக்கு வெளியே போக வழி இல்லாம கூரை வெடிச்சுக் கீறல் விடும். அதனால முதல்ல சில வாரம் சும்மா காய விடணும். அப்புறம் முதல் நாள் 150 டிகிரி கிட்ட சின்னத் தீ, பல மணி நேரம். மறுநாள் கொஞ்சம் கூட, அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்படி ஒரு வாரம் போல. இந்த ஒரு வாரம் ஒண்ணும் வேகாது, விறகு மட்டும்தான் செலவு. ஊர்ப்போறணையில முதல் சீட்டு எடுத்தவன் கஷ்டம் அப்போ புரியும்.

அதுக்கப்புறம் வர்ற முதல் பீட்சா நாளுக்கு நாலு குறிப்பு:

விறகு நல்லா காஞ்சிருக்கணும். பெயின்ட் அடிச்சது, மருந்து போட்டது, பிளைவுட் எதுவும் கூடாது, விஷப்புகை வரும். தீயை நடுவுல மூட்டி ஒன்றரை, ரெண்டு மணி நேரம் விடுங்க. கூரை முதல்ல கரி படிஞ்சு கறுப்பாகும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிஞ்சு கல்லு வெளுக்கும். அதுதான் பழைய காலத்துத் தெர்மாமீட்டர். அப்புறம் தணலை ஓரமா தள்ளி, தரையைக் கூட்டி, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்க. உடனே கறுத்துப் புகைஞ்சா தரை ஜாஸ்தி சூடு, கொஞ்சம் பொறுங்க. மெல்ல பழுப்பானா சரி. பக்கத்துல சின்னதா ஒரு கொழுந்து எப்பவும் எரியணும். அடியில கல்லு வேக வைக்கும், ஆனா மேல்பக்கத்தை வேக வைக்கிறது கூரையும் அந்தக் கொழுந்தும் தர்ற அனல்தான்.

இனி முக்கியமான விஷயம். பீட்சா முடிஞ்சதும் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிடாதீங்க. 126 மெகாஜூல்ல பெரும்பகுதி இன்னும் கல்லுக்குள்ள உக்காந்திருக்கு. தணலை வாரி எடுத்துட்டு, கதவைச் சாத்தி சூடு சமன் ஆனதும் ரொட்டி போடலாம். அடுத்து கிழங்கு. ராத்திரி ஒரு மண்சட்டியில பயறு வெச்சு மூடினா காலையில குழைஞ்சிருக்கும். கடைசியா தணல் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, ஆறிட்டு வர்ற போறணையில அடுத்த தடவைக்கான விறகைக் காய வைக்கலாம். பழைய ஊர்கள்ல ஒரு சூட்டையும் வீணாக்கலை.

இந்த விறகுக் கணக்கைத் தீர்க்க வேற வழியும் வந்திருக்கு. 2012-ல ஃபின்லாந்துக்காரர் கிறிஸ்டியன் தபானினஹோ 'ஊனி'ன்னு ஒரு சின்ன இரும்புப் போறணையை கிக்ஸ்டார்ட்டர்ல விட்டார். மெல்லிய தகடு, கீழே ஒரு கல், எரிக்க மரத்தூள் குச்சிகள். சூடேத்த வேண்டிய எடையே கம்மிங்கிறதால 15, 20 நிமிஷத்துல தயாராயிடும். 2020 பொதுமுடக்கத்தப்போ இந்த மாதிரி அடுப்புகள் அமோகமா வித்துச்சு. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு நேர்மையான விடை இதுதான். கேட்டோ காலத்து மண்மூடியோட பேத்தின்னு சொல்லலாம். ஆனா பீட்சா முடிஞ்சா சூடும் முடிஞ்சுது. ரொட்டியும் பயறும் அதுல வராது.

புகையையும் மறந்துடக் கூடாது. நேப்பிள்ஸ் பக்கத்துல சான் வித்தாலியானோ ஊர்ல 2015 டிசம்பர்ல வடிகட்டி இல்லாத விறகுப் போறணைகளுக்கே தடை போட்டாங்க. நியூயார்க்லயும் 2024-லேர்ந்து விறகு, கரிப் போறணை வெச்ச உணவகங்கள் புகைத்தூளைக் குறைக்கணும்னு விதி வந்திருக்கு. ஊருக்கு ஒண்ணு எரிஞ்சப்போ ஒரு புகை. வீட்டுக்கு ஒண்ணு எரிஞ்சா?

அதனால பெரிய செங்கல் போறணை கட்டுறவங்களுக்கு வரலாறு சொல்ற யோசனை ஒண்ணுதான். தீ மூட்டுற நாளை முன்கூட்டியே நாலு வீட்டுக்குச் சொல்லுங்க. அவங்கவங்க மாவைப் பிசைஞ்சு எடுத்துட்டு வரட்டும். விறகும் ஆளுக்கு ரெண்டு கட்டை கொண்டு வரட்டும். எது யாரோட ரொட்டின்னு சண்டை வந்தா இருக்கவே இருக்கு, மத்தேரா பாணியில ஒரு மரமுத்திரை. அடுப்பு யார் கையிலங்கிற கேள்விக்காக சட்டங்கள் வந்துச்சு, ஒரு புரட்சியே அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சுது. இன்னிக்கு அது உங்க கையில, உங்க தோட்டத்துல. பிரபு மாதிரி பூட்டி வெச்சுக்கிறதும் ஊர்ப்போறணையா திறந்து விடுறதும் உங்க இஷ்டம். விறகுக் கணக்கு மட்டும் எப்பவும் ரெண்டாவது கட்சிதான்.